கப்பி ரோடு, பார் வெச்ச சைக்கிள், குடுமியான்மலை

சைக்கிள் உலகத்தைக் கொஞ்ச வருஷமாக ஒரு பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. பெயர் கிராவல் பைக்கிங். தார் ரோட்டுப் பக்கமே போகாமல் சரளைக்கல் பாதை, காட்டுப் பாதை, தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகும் மண் ரோடு என்று தேடித் தேடி மிதிப்பது. இதற்கென்று தனி சைக்கிள், தனி டயர், தனிப் போட்டி எல்லாம் வந்துவிட்டன. விலையைக் கேட்டால் தலை சுற்றும். கொஞ்சம் நல்ல வண்டி என்றாலே லட்சத்தைத் தாண்டுகிறது.

இந்தப் படங்களில் அடிக்கடி வரும் இடம் இத்தாலியின் கியாந்தி. மேடும் பள்ளமுமாக மலைகள், காடு, வரிசை வரிசையாகத் திராட்சைத் தோட்டம், நடுவே வெள்ளை வெளேரென்று மண் ரோடு. 1997ல் அங்கே கயோலே என்ற சின்ன ஊரில் 92 பேர் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்த வெள்ளை ரோடுகளைத் தார் ஊற்றி மூடிவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் நோக்கம். ஆமாம், ரோடு போடாதே என்று கோரிக்கை! நம்மூர் கிராமசபையில் போய் இப்படி ஒரு மனு கொடுத்துப் பாருங்கள் :-)

'எரோய்கா' என்ற பெயரில் அது இன்று வருஷா வருஷம் உலகமெங்குமிருந்து ஆட்கள் வரும் திருவிழா. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் 2006ல் ஒரு 200 மைல் சரளைப் போட்டி ஆரம்பித்தார்கள். அதுவும் பெரிதாகிவிட்டது. கடைசியில் 2022ல் சர்வதேச சைக்கிள் சங்கமே இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தி முத்திரை குத்தியது.

சரி, இதற்கும் புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலைக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் 'கிராவல்' என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டைப் பக்கம் யாரிடமாவது கிராவல் என்றால், "எத்தனை லோடு வேணும்?" என்றுதான் கேட்பார்கள். மனை மேடாக்க, ரோட்டோரம் நிரப்ப லாரியில் கொண்டு வந்து கொட்டும் சிவப்பு மண் அது. சைக்கிள் ஓட்டுவதற்கென்று அதைத் தேடிப் போவார்கள் என்று சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தவை வண்டிப்பாதை, ஒற்றையடிப் பாதை, கப்பி ரோடு. கப்பி ரோடு என்றால் கல்லை உடைத்துப் பரப்பி, மேலே செம்மண்ணைக் கொட்டி உருளை ஓட்டிய ரோடு. தார் என்றாவது ஒரு நாள் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். ரெண்டு மழை பெய்தால் மண் கரைந்துவிடும், கல் மட்டும் பல்லைக் காட்டும்.

குடுமியான்மலை புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். திராட்சையெல்லாம் கிடையாது (அதற்குக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகணும்). பெரிய மலைத் தொடரும் இல்லை. சுற்றிலும் வறண்ட பூமி, அங்கங்கே திடீரென்று தலை நீட்டும் மொட்டைப் பாறைக் குன்றுகள், முள்ளுக்காடு, தைலமரத் தோப்பு, பனை, வரிசையாகக் கண்மாய்கள். ஊர் அந்த மாதிரி ஒரு குன்றைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறது. மேலைக்கோவில் என்கிற குடைவரைக் கோயிலும், அதை ஒட்டிய பாறையில் ஏழு ராகங்களின் ஸ்வரங்களை எழுத்தில் வெட்டி வைத்த சங்கீதக் கல்வெட்டும் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். சிகாநாதசாமிக்குக் குடுமி முளைத்த கதையைக் கேட்டு, சிற்பங்களைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். கோயிலைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இங்கே மேட்டர் அந்தக் குன்றுகளை உடைத்த பெண்களும் அவர்கள் ஓட்டிய சைக்கிளும்.

1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, அதிலும் முக்கியமாகப் பெண்களுக்கு, எழுத்தறிவு கொடுப்பது வேலை. சம்பளம் இல்லாத தொண்டர்கள், சாயங்காலத்தில் தெருவிளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. சிக்கல் எங்கே வந்தது என்றால் போக்குவரத்தில். ஒரு ஊரில் வகுப்பு நடத்தவும், அடுத்த ஊரில் போய் மேற்பார்வை பார்க்கவும் பெண் தொண்டர்கள் வேண்டும். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அண்ணனோ அப்பாவோ கொண்டு போய் விட்டால்தான் உண்டு. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண் தொண்டர்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்கலாம் என்று முடிவெடுத்தார். தொண்டர்களுக்கு என்று ஆரம்பித்தது படிக்க வந்த பெண்களுக்கும் பரவியது. சைக்கிள் ஓட்டுவதும் அறிவொளிப் பாடத்தில் ஒரு பகுதி மாதிரி ஆகிவிட்டது. சைக்கிள் வாங்க பாங்க் கடன் ஏற்பாடு செய்தார்கள், பாட்டுக் கட்டி ஊர் ஊராகப் பாடினார்கள்.

இதைப் பற்றி வெளியுலகத்துக்கு விவரமாகச் சொன்னவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். 1996ல் வந்த அவருடைய வறட்சிப் புத்தகத்தில் புதுக்கோட்டை சைக்கிளுக்கென்றே ஒரு கட்டுரை இருக்கிறது. (அந்தக் கட்டுரையின் ஹிந்தி வடிவம் என்சிஇஆர்டி எட்டாம் வகுப்பு ஹிந்திப் பாடப் புத்தகத்தில் பல வருஷம் இருந்தது. பீகார், உத்தரப் பிரதேசப் பிள்ளைகள் புதுக்கோட்டையைப் பரீட்சைக்குப் படித்தார்கள். நம்மூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?) பத்து வயசுக்குக் கீழே உள்ள சிறுமிகளை விட்டுவிட்டால் மாவட்டத்தின் கிராமத்துப் பெண்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்கிறார் அவர். 70,000க்கும் மேற்பட்டவர்கள் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் வந்தார்கள். ஊரே வாயைப் பிளந்தது.

கீழக்குறிச்சியில் சைக்கிள் பழக வந்த பெண்கள் இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு வந்தார்களாம். விழுந்து எழுந்து புழுதியாகப் போகிற வேலைக்கு நல்ல சேலை! அந்த ஒரு விவரம் போதும், அவர்கள் அதை என்னவாக நினைத்தார்கள் என்று தெரிய.

இப்போது அந்த சைக்கிளைப் பார்ப்போம். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஒரே வருஷத்தில் லேடீஸ் சைக்கிள் விற்பனை 350 சதவீதம் ஏறியதாக ஒரு கடைக்காரர் சாய்நாத்திடம் சொல்லியிருக்கிறார். கிடைக்காதவர்கள் காத்திருக்கவில்லை, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சேலை கட்டிக்கொண்டு பாரைத் தாண்டி ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் சில பேர் அதுதான் சௌகரியம் என்றார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருக்கும் அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! (பார் சைக்கிளில் கால் எட்டாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது குரங்கு பெடல். 2024ல் அந்தப் பெயரிலேயே ஒரு படம் வந்ததால் இந்தத் தலைமுறைக்கும் விளக்கம் தேவையில்லை.)

டெக்னிக்கலாகப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. கிராவல் பைக் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் பேசுவது டயர் அகலம். ரேஸ் சைக்கிள் டயர் 25, 28 மில்லிமீட்டர்தான் இருக்கும். சரளையில் அது கல்லுக்குக் கல் தெறிக்கும், பக்கவாட்டில் வழுக்கும். அதனால் கிராவலுக்கு 40 மில்லிமீட்டர் அளவில் அகலமான டயர், அதில் காற்று கொஞ்சம் குறைவாக. காற்று குறைந்தால் டயர் கல்லின் மேல் குதிக்காமல் அமுங்கி, கல்லைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். நம்ம தாத்தா காலத்து கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளின் டயர் என்ன அளவு தெரியுமா? 28க்கு ஒன்றரை. மில்லிமீட்டரில் சொன்னால் அகலம் அதே 40. சக்கரம் கிராவல் பைக்கை விடக் கொஞ்சம் பெரியதாகவே இருக்கும். பெரிய சக்கரம் குழியில் விழாமல் தாண்டும்.

டயர் மட்டுமில்லை. ரோட்ஸ்டரின் முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து முன்னால் நீண்டிருக்கும், ரெண்டு சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம். அதனால் கரடுமுரடான பாதையில் ஹேண்டில்பார் படபடவென்று திரும்பாது. அந்த வடிவம் இங்கிலாந்தில் தார் ரோடு பரவலாக வருவதற்கு முன்னால் பிறந்தது. இங்கே 1949ல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் மாதிரியான கம்பெனிகள் ஹெர்குலிஸ் என்றும் மற்ற பெயர்களிலும் அதே வடிவத்தைத்தான் லட்சக்கணக்கில் செய்து தள்ளின. ஆக, 'சரளைக்கு ஏற்ற வடிவமைப்பு' என்று இன்று விளம்பரத்தில் வருகிற சமாச்சாரங்களில் பாதி அறிவொளிப் பெண்களின் சைக்கிளில் ஏற்கெனவே இருந்தது.

இல்லாதவற்றையும் சொல்லணும். கியர் கிடையாது, ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். எடை 20 கிலோ பக்கம், அதாவது இன்றைய கிராவல் பைக்கைப் போல ரெண்டு மடங்கு. பிரேக் என்பது இரும்புக் கம்பியை இழுத்து ரப்பரை ரிம்மில் அழுத்தும் ஏற்பாடு. மழையில் நனைந்துவிட்டால் அது பிரேக் பிடிப்பது கடவுள் செயல். இந்த வண்டியில் பின்னால் கேரியரில் ஒரு மூட்டையோ தண்ணீர்க் குடமோ, முன்னால் பாரில் ஒரு குழந்தை, கீழே கப்பி ரோடு. எம்போரியா வீரர்கள் யாராவது ஒரு தடவை முயன்று பார்க்கட்டும்.

சாய்நாத் எழுதியதில் குடுமியான்மலைக் கல்குவாரியும் வருகிறது. அங்கே வேலை பார்த்த பெண்களும் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். தங்கள் இடம் ஒதுக்குப்புறமாக இருக்கிறது, சைக்கிள் தெரிந்தவர்கள்தான் நினைத்தபோது வெளியே போய்வர முடியும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கல்குவாரி வேலை என்றால் என்ன? பாறையை வெடி வைத்துப் பிளப்பார்கள். பெரிய கல்லை ஆண்கள் சம்மட்டியால் உடைப்பார்கள். அதைப் பெண்கள் வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சின்ன சுத்தியலால் ஜல்லியாக உடைப்பார்கள். கூலி அளவுக்குத்தான், நாளுக்கு இல்லை. ஒப்பந்ததாரரிடம் முன்பணம் வாங்கிவிட்டால் அது தீரும் வரை வேறு இடத்துக்குப் போகவும் முடியாது. இப்படி உடைத்த ஜல்லி எங்கே போகும்? ரோடு போட. வீடு கட்ட. அந்த ஜல்லியை உடைத்தவர்கள் வேலைக்கு வந்து போன பாதையிலோ ஜல்லியும் கிடையாது, தாரும் கிடையாது. கியாந்தியில் தார் வேண்டாம் என்று ஊர்வலம் போனதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சரளை ரோடு யாருக்கு அழகு, யாருக்கு அவஸ்தை என்று புரியும்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. மாவட்டத்தில் கல்குவாரிகளின் குத்தகையை ஒப்பந்ததாரர்களுக்குப் பதில் அங்கே வேலை செய்த பெண்களின் குழுக்களுக்கே கொடுத்தார்கள். கூலிக்கு ஜல்லி உடைத்தவர்கள் குத்தகைதாரர் ஆனார்கள். இதில் எழுத்தும் சைக்கிளும் எப்படிச் சேர்கின்றன என்று கவனியுங்கள். குத்தகை எடுத்தால் கணக்கு எழுதணும், லாரி லோடு எண்ணணும், பாங்குக்குப் போகணும், ஆபீஸில் பணம் கட்டி ரசீது வாங்கணும். படிக்கத் தெரியாவிட்டால் கணக்குப் பிள்ளை ஏமாற்றுவான். படிக்கத் தெரிந்தும் பாங்குக்குப் போக இன்னொருத்தரை எதிர்பார்க்க வேண்டியிருந்தால் அவரிடம் மாட்டிக்கொள்வார்கள். இத்தனைக்கும் பழைய ஒப்பந்ததாரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கலெக்டர் என்பவர் மாற்றலாகிப் போகிறவர், ஒப்பந்ததாரர் உள்ளூரிலேயே இருக்கிறவர்.

சைக்கிள் ஓட்டிய பெண்களைப் பற்றி அன்றைக்கு ஆபாசமாகப் பேசியவர்கள் இருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். கொஞ்சம் யோசிக்க வைப்பது வேறு ஒரு கேள்வி. சைக்கிள் வந்ததால் பெண்ணுக்கு விடுதலை வந்ததா, இல்லை கூடுதல் வேலை வந்ததா? முன்பு ஆண் செய்த வேலை, அதாவது சந்தைக்குச் சாமான் கொண்டு போவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, எல்லாம் "உனக்குத்தான் சைக்கிள் தெரியுமே" என்று அவள் தலையில் வந்து விழுந்திருக்காதா? விழுந்திருக்கும். தண்ணீர் எடுப்பது ஆண் வேலையாக மாறிவிடவில்லை. குடம் இடுப்பிலிருந்து கேரியருக்கு மாறியது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சின்னக் கணக்கும் இருக்கிறது. 8 கிலோமீட்டர் நடக்க ரெண்டு மணி நேரம். கப்பி ரோட்டில் சைக்கிளில் முக்கால் மணி. போக வர ரெண்டரை மணி நேரம் மிச்சம். விளைந்ததை விற்கப் போகிற பெண் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், ஒரு ஊருக்குப் பதில் மூன்று ஊருக்குப் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். மிச்சமான நேரத்தில் பாதி வீட்டு வேலைக்கே போயிருந்தாலும் மீதிப் பாதி அவளுடையது. "எங்கே போறே, எப்ப வருவே, யாரு கூட்டிட்டுப் போறா" என்ற மூன்று கேள்வியில் மூன்றாவது காணாமல் போனது சாதாரண விஷயமில்லை.

அப்புறம் என்ன ஆச்சு? அறிவொளித் தொண்டர்களுக்கு 50 மொபெட் கொடுக்க யுனிசெஃப் முன்வந்தது. 2000ல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வந்தது, பல கப்பி ரோடுகளுக்குத் தார் வந்தது. மொபெட்டும் ஸ்கூட்டரும் வந்தன. சைக்கிள் மெல்ல மெல்ல வாசல் திண்ணையிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குப் போனது. இதை நினைத்துக் கண்ணீர் விட வேண்டியதில்லை. சைக்கிள் கற்றுக்கொண்ட பெண் ஸ்கூட்டருக்கு மாறுவது தோல்வி ஆகாது. தார் ரோடு வேண்டாம் என்று அவர்கள் யாரும் கேட்கவும் இல்லை.

தமிழ்நாட்டில் 2001-02ல் மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பிறகு எல்லா மாணவ மாணவிகளுக்கும் விரிவாக்கினார்கள். பீகார் 2006ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குக் கொடுத்தது. பீகார் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017ல் வெளியிட்ட கட்டுரையின்படி, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளிக்கூடம் எவ்வளவு தூரமோ அவ்வளவு பலன். புதுக்கோட்டைப் பெண்களுக்கு இதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவைப்பட்டிருக்காது.

இன்றைக்கு யாராவது குடுமியான்மலைப் பக்கம் கிராவல் ரைடு போக நினைத்தால், தாராளமாகப் போகலாம். புதுக்கோட்டையில் விடிவதற்கு முன் கிளம்பி, சித்தன்னவாசல் பாறையைப் பார்த்துக்கொண்டு, அன்னவாசல் வழியாகத் திரும்பினால் மெயின் ரோட்டை விட்டு இறங்க கண்மாய்க்கரைப் பாதைகளும் தைலமரத் தோப்பு மண் பாதைகளும் நிறைய கிடைக்கும். மார்கழி, தை நல்ல மாதங்கள். சித்திரையில் பத்து மணிக்கு மேல் அந்தப் பாறைகள் அடுப்பு. ஐப்பசி மழையில் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. கான்சாஸில் கூரான கல்தான் டயரைக் கிழிக்கும் எமன், இங்கே அது சீமைக்கருவேல முள். செருப்பையே துளைக்கும், டயரையா விடும்? ஸ்பேர் ட்யூப் ரெண்டாவது வேண்டும், தண்ணீர் மூன்று லிட்டர்.

வழியில் சந்தேகம் வந்தால் மேப்பை நம்பாமல் ஆளைக் கேளுங்கள். அறுபதை ஒட்டிய அம்மா யாராவது ஆடு மேய்த்துக்கொண்டு நிற்பார்கள். வழி கேட்டுவிட்டு, "சைக்கிள் ஓட்டுவீங்களாம்மா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.